பூட்டு சொல்வதும் சொல்லாததும்



சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சி உங்கள் நினைவில் இருக்கும். கணிப்பொறி மன்றத்தின் சார்பில் நாங்களும் ஒரு மேசை வைத்திருந்தோம். மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய அட்டை. அதில் பச்சை மையினால் ஒரு பூட்டு வரைந்து, அதன் கீழே, "இணையத்தில் பூட்டைப் பார், பயமின்றி நம்பு" என்று எழுதியிருந்தோம். எழுத்து அழகாக அமைந்திருப்பதாகப் பலரும் பாராட்டினார்கள். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த அட்டை தவறு. முழுப் பொய் அன்று, பாதி உண்மை. பாதி உண்மை எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை மூன்று மாதம் கழித்துத் தெரிந்துகொண்டோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அன்னையார் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுப்பவர். கண்காட்சிக்கு வந்து எங்கள் அட்டையை நின்று படித்தவர். ஒரு நாள் அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. பெண் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு என்றும், பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் செலுத்தினால் போதும் என்றும் அதில் இருந்தது. தட்டியதும் ஒரு பக்கம் திறந்தது. முகவரிக்கு அருகில் பூட்டு இருக்கிறதா என்று அவர் பார்த்தார். இருந்தது. வங்கி அட்டையின் எண்ணை எழுதினார். கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணையும் எழுதினார். மகளின் விடுதிக் கட்டணத்துக்காகத் தீபாவளித் தையலில் சேர்த்து வைத்திருந்த 6,200 ரூபாயும் போய்விட்டது.

வெட்கப்பட்டு நான்கு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. பின்பு மகளிடம் சொன்னார். நாங்கள் அவர் வீட்டுக்குச் சென்றபோது அவர் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. "பூட்டு இருந்துச்சே கண்ணு! நீங்க எழுதினதைத்தானே பார்த்தேன்? அப்போ அந்தப் பூட்டு எதுக்குத்தான் இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அட்டையில் பூட்டை வரைந்தோமே தவிர, பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று நாங்கள் கற்றிருக்கவில்லை. இந்த ஓராண்டில் கற்றோம். கற்றதை உங்களோடு பகிர்ந்துகொண்டு, அந்த அட்டையைத் திருத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தரம் என்பது ஓர் ஒப்பந்தம்

கடையில் ஒரு மின்விளக்கு வாங்குகிறோம். வீட்டில் மாட்டினால் அது பொருந்துகிறது. விளக்கைச் செய்தவரும் மாட்டும் குழியைச் செய்தவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் இருவரும் ஒரே அளவைப் பின்பற்றினர். இவ்வாறு முன்பின் அறியாதவர்கள் பொதுவாக ஒப்புக்கொண்டு பின்பற்றும் அளவே தரம் எனப்படும். தையற்காரரின் அளவு நாடாவும் அத்தகையதே.

இரு கணிப்பொறிகள் பேசிக்கொள்ளவும் இத்தகைய ஒப்பந்தம் வேண்டும். யார் முதலில் பேசுவது, கேட்டது என்பதை எப்படித் தெரிவிப்பது, பேச்சு முடிந்தது என்பதை எப்படி அறிவது என்னும் விதிகளின் தொகுப்பையே நெறிமுறை என்கிறோம்.

1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதற்செய்தி அனுப்பப்பட்டது. 'லாகின்' என்னும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை அனுப்ப முயன்றார்கள். முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தன. மூன்றாவதில் மறுமுனைக் கணிப்பொறி நின்றுவிட்டது. இணையத்தின் முதற்சொல் இப்படித்தான் அரைகுறையாக அமைந்தது!

அதற்குச் சில மாதங்கள் முன்பே, அவ்வாண்டு ஏப்ரலில், ஸ்டீவ் கிராக்கர் என்னும் மாணவர் இவ்விதிகளைப் பற்றிய முதற்குறிப்பை எழுதியிருந்தார். உடன் தங்கியிருந்தவர்களின் தூக்கம் கெடக்கூடாதென்று இரவில் குளியலறையில் அமர்ந்து எழுதினாராம். தாம் ஆணையிடுவதாக யாரும் எண்ணிவிடக்கூடாது என்று அஞ்சி, அதற்குக் 'கருத்துக் கோரும் குறிப்பு' என்று பணிவான பெயரிட்டார். ஆங்கில முதலெழுத்துகளால் அதனை ஆர்.எஃப்.சி. என்பர். இன்று அத்தகைய குறிப்புகள் 9,000-க்கும் மேல் உள்ளன. இணையத்தின் முக்கிய விதிகள் எல்லாம் இன்றும் அதே பணிவான பெயரோடுதான் வெளிவருகின்றன. எவரும் இலவசமாகப் படிக்கலாம்.

இவற்றை ஆராய்ந்து வெளியிடும் பொறியாளர் குழு 1986-இல் தொடங்கியது. ஐ.ஈ.டி.எஃப். என்பது அதன் சுருக்கப் பெயர். அங்கே வாக்கெடுப்பு இல்லை. ஒரு கருத்தை எத்தனை பேர் ஏற்கிறார்கள் என்றறிய, ஏற்பவர்களை வாய் மூடி 'ம்ம்ம்' என்று ஒலி எழுப்பச் சொல்வதுண்டு. வகுப்பில் நாம் அப்படிச் செய்தால் ஆசிரியை வெளியே நிறுத்திவிடுவார்! ஆனால் யார் கை தூக்கினார்கள் என்று பாராமல், எதிர்ப்பவரின் காரணத்தையும் கேட்டு முடிவு செய்ய இது உதவுகிறது என்பது அவர்கள் அனுபவம். 2017 முதல் 2021 வரை இக்குழுவின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அலிசா கூப்பர் என்னும் பெண்மணி. அதற்கு வெகு முன்பே, 1985-இல், வலையமைப்பில் செய்திகள் ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்து அடைத்துவிடாமல் தடுக்கும் முறையைக் கண்டவர் ரேடியா பெர்ல்மன் என்னும் பெண்மணியே. கணிப்பொறி ஆண்களுக்குரிய துறை என்று யாரேனும் சொன்னால் இவ்விருவரின் பெயர்களையும் நினைவில் வையுங்கள்.

பொட்டலங்களும் ஒப்புகைச் சீட்டும்

இணையத்தில் ஒரு படமோ கடிதமோ முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டே போகிறது. ஒரு பொட்டலம் பொதுவாக 1,500 பைட்டைத் தாண்டாது. ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி இரண்டும் இருக்கும். வழியில் சில தொலையலாம். பின்னே அனுப்பியது முன்னே போய்ச் சேரலாம்.

இதனைச் சீர்செய்வது டி.சி.பி. என்னும் நெறிமுறை. வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர் 1974-இல் இதன் அடிப்படையை வெளியிட்டனர். 1983 ஜனவரி முதல் நாள் அன்றைய வலையமைப்பு முழுவதும் இதற்கு மாறியது. முன்பு பதிவுத் தபாலில் கடிதம் சேர்ந்ததற்கு ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்ததல்லவா? அதைப் போலவே இங்கும் பொட்டலங்களுக்கு எண் உண்டு. வந்து சேர்ந்ததற்கு ஒப்புகை உண்டு. ஒப்புகை வராவிட்டால் மீண்டும் அனுப்பப்படும். பேச்சைத் தொடங்கு முன் மூன்று சொற்கள் பரிமாறப்படுகின்றன: "பேசலாமா?" "பேசலாம், நீங்கள் ஆயத்தமா?" "ஆயத்தம்."

நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1986 அக்டோபரில் ஒரு சங்கடம் நேர்ந்தது. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் அருகிலிருந்த ஆய்வுக்கூடத்துக்கும் இடையே உள்ள தூரம் 400 கெஜம். அவ்விணைப்பில் நொடிக்கு 32,000 பிட் என்ற வேகம், திடீரென்று 40 பிட்டாகக் குறைந்தது. கம்பி அறுபடவில்லை, இயந்திரம் பழுதாகவில்லை. பாதை நெரிசலாகிப் பொட்டலங்கள் தொலைந்தபோது, ஒப்புகை வராத ஒவ்வொரு கணிப்பொறியும் உடனே மீண்டும் அனுப்பியது. அதனால் நெரிசல் மேலும் பெருகியது. பேருந்து வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் படியில் முண்டியடித்தால் யாரும் ஏற முடியாமற் போவது போல!

வான் ஜேக்கப்சன் என்பவர் இதனை ஆராய்ந்து 1988-இல் தீர்வை வெளியிட்டார். தொடங்கும்போது மெல்லத் தொடங்கு. ஒப்புகை வர வர வேகத்தைக் கூட்டு. பொட்டலம் தொலைந்தால் உடனே வேகத்தைக் குறைத்துக்கொள். இவ்வளவே. ஒவ்வொரு கணிப்பொறியும் தானே விட்டுக்கொடுத்ததால் எல்லோருக்கும் வழி கிடைத்தது.

அஞ்சலட்டையும் உறையிட்ட கடிதமும்

இதுவரை சொன்னவற்றில் இரகசியம் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? தொடக்கத்தில் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். ஆகவே செய்திகள் அஞ்சலட்டையைப் போலத் திறந்தே போயின. வழியிலுள்ள எவரும் படிக்கலாம், மாற்றியும் எழுதலாம்.

இணையத்தில் வாணிபம் வந்தபோது உறை தேவைப்பட்டது. 1995-இல் நெட்ஸ்கேப் என்னும் நிறுவனம் எஸ்.எஸ்.எல். என்ற பாதுகாப்பு முறையை வெளியிட்டது. பின்னர் அது பொதுத் தரமாகி, 1999-இல் டி.எல்.எஸ். என்னும் பெயர் பெற்றது. பூட்டு என்று நாம் சொல்வது இதைத்தான்.

இதில் எங்களை வியக்க வைத்தது ஒன்று. பூட்டிப் பேச இருவரிடமும் ஒரே சாவி வேண்டும். முன்பின் அறியாத இருவர், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மற்றவர் அறியாத ஒரு சாவியை எப்படி உருவாக்க முடியும்? முடியும் என்று 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் காட்டினர். தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு எங்களோடு இக்கணக்கைச் செய்து பாருங்கள்.

செல்வியும் ரோஸியும் வகுப்பறையின் இரு மூலைகளில் இருக்கிறார்கள். 5, 23 என்னும் இரண்டு எண்களை எல்லோர் முன்னிலையிலும் கரும்பலகையில் எழுதுகிறார்கள். செல்வி தன் மனத்துக்குள் 3 என்று நினைத்துக்கொள்கிறாள். மூன்று ஐந்துகளைப் பெருக்கினால் 125. அதனை 23-ஆல் வகுத்தால் மீதி 10. "என் எண் 10" என்று உரக்கச் சொல்கிறாள். ரோஸி மனத்துக்குள் 7 என்று நினைக்கிறாள். ஏழு ஐந்துகளைப் பெருக்கினால் 78,125. அதனை 23-ஆல் வகுத்தால் மீதி 17. "என் எண் 17" என்று அவளும் உரக்கச் சொல்கிறாள்.

இப்போது செல்வி, ரோஸி சொன்ன 17-ஐ மூன்று முறை எழுதிப் பெருக்குகிறாள்: 4,913. 23-ஆல் வகுத்தால் மீதி 14. ரோஸி, செல்வி சொன்ன 10-ஐ ஏழு முறை எழுதிப் பெருக்குகிறாள்: ஒரு கோடி. 23-ஆல் வகுத்தால் மீதி அதே 14! இருவர் கையிலும் ஒரே சாவி. ஆனால் 14 என்ற எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

23 சிறிய எண்ணாதலால் பக்கத்திலிருப்பவள் சற்று முயன்றால் கண்டுபிடித்துவிடுவாள். உண்மையில் இம்முறையைக் கையாளும்போது 600 இலக்கங்களுக்கும் மேற்பட்ட எண்களைப் பயன்படுத்துவார்கள். அப்போது உலகிலுள்ள கணிப்பொறிகள் எல்லாம் முயன்றாலும் மனத்திலுள்ள எண்ணைக் காண்பது நடைமுறையில் இயலாது. இன்றைய உலாவிகள் இதே கருத்தை வளைகோட்டுக் கணிதத்தின் வழியாகவும் செய்கின்றன. "இந்த மீதிக் கணக்கெல்லாம் வாழ்க்கையில் எதற்குப் பயன்படும்?" என்று இனி யாரும் கேட்க வேண்டாம்!

பெயரை உறுதி செய்வது யார்?

ஒரு குறை இன்னும் இருக்கிறது. மறு மூலையில் இருப்பவள் ரோஸிதான் என்று செல்விக்கு எப்படித் தெரியும்? ரோஸியின் குரலில் வேறொருத்தி பேசினால், செல்வி அவளோடு அல்லவா சாவி செய்துகொள்வாள்?

இதற்காகவே சான்றிதழ் என்னும் ஏற்பாடு உள்ளது. இன்ன முகவரிக்கு உரிய வலைத்தளம் இதுதான் என்று ஒரு சான்றளிப்பு நிறுவனம் கையொப்பமிட்டுத் தருகிறது. உலாவி அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. சரியாக இருந்தால்தான் பூட்டு தோன்றும்.

சான்றளிப்பவரே ஏமாந்தால்? அதுவும் நடந்தது. 2011-இல் நெதர்லாந்து நாட்டின் டிஜிநோட்டார் என்னும் சான்றளிப்பு நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்குள் எவரோ நுழைந்து, 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உண்டாக்கிவிட்டனர். கூகுள் நிறுவனத்தின் பெயரிலும் ஒன்று. அதனைக் கொண்டு ஈரான் நாட்டு மக்கள் பலரின் மின்னஞ்சல்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. உலாவிகள் அந்நிறுவனத்தின் கையொப்பத்தை நம்புவதை நிறுத்தின; செப்டம்பரில் அது திவாலாயிற்று. இதன்பின், வழங்கும் சான்றிதழ்களை எல்லாம் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்கும் முறை 2013-இல் வகுக்கப்பட்டது. தன் பெயரில் தனக்குத் தெரியாமல் யாரேனும் சான்றிதழ் பெற்றால், உரியவர் இப்பதிவேட்டைப் பார்த்து அறியலாம். தவறு நடந்தால் அதனை மறைக்காமல் விதியைத் திருத்துவது இத்துறையினரின் நல்ல வழக்கம்.

முன்பு சான்றிதழ் பெறப் பணம் செலுத்த வேண்டியிருந்தது. ஆகவே சிறு பள்ளிகளும் தொண்டு நிறுவனங்களும் பூட்டில்லாமலே வலைத்தளம் நடத்தின. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கமற்ற அமைப்பு, எல்லோருக்கும் இலவசமாகச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. சில நிமிடங்களில், மனித உதவியின்றிக் கிடைத்துவிடும். பெரு நன்மைதான். ஆனால் அது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "இந்த முகவரி உங்கள் கட்டுப்பாட்டில் உள்ளதா?" "நீங்கள் நல்லவரா?" என்று அது கேட்பதில்லை, கேட்கவும் இயலாது.

இவ்விடத்தை, தோழியரே, அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டினால் தாமதம் ஆகாதா?

பாதுகாப்பு என்றால் தாமதம் என்று பலர் எண்ணுகிறார்கள். முன்பு அது ஓரளவு உண்மை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 10,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு ஒரு சொல் போய்த் திரும்ப, எவ்வளவு விரைந்தாலும் நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். பழைய முறையில் டி.சி.பி. வணக்கத்துக்கு ஒரு முறை, பூட்டு ஏற்பாட்டுக்கு இரண்டு முறை ஆக மூன்று முறை போய்த் திரும்பிய பிறகே, நமக்கு வேண்டியதைக் கேட்க முடியும். பத்தில் மூன்று நொடி வீண். இணைப்பு மந்தமாக உள்ள சிற்றூர்களில் இன்னும் கூடுதல்.

2018-இல் வெளிவந்த டி.எல்.எஸ். 1.3 இதனைக் குறைத்தது. பூட்டு ஏற்பாடு ஒரே முறையில் முடிகிறது. பலவீனமான பழைய மறைமொழி முறைகள் பலவும் நீக்கப்பட்டன. வேண்டாத பொருளை வெளியேற்றியதால் வீடு துப்புரவாகவும் ஆயிற்று. நடக்க இடமும் கிடைத்தது. 2021-இல் டி.எல்.எஸ். 1.0, 1.1 ஆகிய பழைய பதிப்புகளை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்துவிட்டனர்.

அதே 2021 மே மாதத்தில் குவிக் என்னும் புதிய நெறிமுறை தரமாக வெளிவந்தது. இது வணக்கத்தையும் பூட்டையும் ஒன்றாக இணைத்து, இரண்டையும் ஒரே முறையில் முடிக்கிறது. மூன்று ஒன்றாயிற்று! இதில் பூட்டில்லாமல் பேசவே வழியில்லை.

இதன் இன்னொரு நன்மையை நம் காலை வழிபாட்டைக் கொண்டு விளக்கலாம். எல்லா வகுப்பினரும் ஒரே வரிசையில் நடந்தால், முன்னால் ஒருத்தி செருப்பு வாரைக் கட்டக் குனியும்போது பின்னாலுள்ள அனைவரும் நிற்க வேண்டும். டி.சி.பி.யில் ஒரு பொட்டலம் தொலைந்தால் இப்படித்தான் மற்றவை காத்திருக்கும். குவிக் முறையில் வகுப்புக்கு ஒரு வரிசை. ஒரு வரிசை நின்றாலும் மற்றவை நடந்துகொண்டிருக்கும். மேலும், வீட்டு வை-ஃபையில் பேசத் தொடங்கி, தெருவுக்கு வந்து கைப்பேசி நிறுவனத்தின் அலைக்கு மாறினாலும் பேச்சு அறுபடாமல் தொடர இது வழி செய்கிறது. இதன்மேல் அமைந்த எச்.டி.டி.பி. 3 என்னும் தரம் 2022 ஜூனில் வெளியாயிற்று. நாம் அன்றாடம் பார்க்கும் பெரிய தளங்கள் பல இதனைப் பயன்படுத்துகின்றன.

பூட்டு சொல்லாதது

இப்போது அந்த அன்னையார் கேட்ட கேள்விக்கு வருவோம். பூட்டு எதற்கு இருக்கிறது?

பூட்டு மூன்று உறுதிகளைத் தருகிறது. வழியில் யாரும் படிக்க முடியாது. வழியில் யாரும் மாற்றினால் தெரிந்துவிடும். மேலே உள்ள முகவரி எதுவோ அந்த முகவரிக்கு உரியவரோடுதான் நாம் பேசுகிறோம். இம்மூன்றையும் அது உண்மையாகவே காத்துத் தருகிறது. அவர் பணத்தை இழந்த அன்றும் காத்தது. அவருடைய அட்டை எண் வழியில் எவர் கண்ணிலும் படாமல், ஓர் எழுத்தும் மாறாமல், பத்திரமாகத் திருடனின் கையிலேயே போய்ச் சேர்ந்தது.

மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்று பூட்டு சொல்லவே இல்லை. அதனை நாங்கள்தான் அட்டையில் சேர்த்து எழுதிவிட்டோம்.

இத்தவறு எங்களோடு நிற்கவில்லை என்று பின்னர் அறிந்தோம். பூட்டுப் படத்தைப் பார்த்து மக்கள் தளத்தையே நம்பிவிடுகிறார்கள் என்பதற்காக, குரோம் உலாவியைச் செய்வோர் 2023-இல் கணிப்பொறித் திரையிலிருந்து அப்படத்தையே எடுத்துவிட்டு வேறு குறி வைத்தார்கள். வேறு சில உலாவிகளில் பூட்டு இன்னும் இருக்கிறது.

இவற்றை எல்லாம் கற்றபின் மீண்டும் அவர் வீட்டுக்குச் சென்றோம். எங்கள் தவறை ஒப்புக்கொண்டோம். மேற்சொன்னவற்றை எங்களால் இயன்ற அளவு விளக்கினோம். தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் பொறுமையாகக் கேட்டார். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துக் காட்டி, "இது மாதிரின்னு சொல்லுங்க. நாடா நீளத்தைச் சரியாச் சொல்லும். துணி சாயம் போகுமா போகாதான்னு நாடா சொல்லாது. அதை நாமதான் தண்ணியில நனைச்சுப் பார்க்கணும்" என்றார். நாங்கள் ஓராண்டு படித்ததை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

திருத்திய அட்டை

இவ்வாண்டு கண்காட்சியில் பழைய அட்டையின் இடத்தில் கீழ்க்காணும் புதிய அட்டை தொங்கும்.

1. பூட்டு இல்லாத பக்கத்தில் எதையும் எழுதாதே. பூட்டு உள்ள பக்கத்திலும் முகவரியைப் படித்த பின்பே எழுது.

2. முகவரியை வலப்பக்கத்திலிருந்து படி. முதற்சாய்கோட்டுக்கு முன் கடைசியாக நிற்கும் பெயரே உரிமையாளர் பெயர். 'அரசு உதவி' என்ற சொற்கள் முன்னால் எத்தனை முறை வந்தாலும், கடைசியில் வேறு பெயர் நின்றால் அது அரசின் தளம் அன்று. நம் நாட்டு அரசுத் தளங்கள் பெரும்பாலும் 'கவ் புள்ளி இன்' என்றோ 'நிக் புள்ளி இன்' என்றோ முடியும். வங்கிகள் 'பேங்க் புள்ளி இன்' என முடியும் முகவரிகளுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் பணித்தது.

3. செய்தியில் வந்த இணைப்பைத் தட்டாதே. வேண்டிய முகவரியை நீயே எழுதித் திற. உதவித்தொகை என்றால் முதலில் பள்ளி அலுவலகத்தில் கேள்.

4. ஓ.டி.பி. எண்ணும் இரகசிய எண்ணும் பணம் வெளியே போவதற்கான சாவிகள். பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டுவதில்லை.

5. உலாவியையும் கைப்பேசியின் மென்பொருளையும் புதுப்பித்து வை. தரம் திருந்தினாலும் நம் கருவி பழையதாக இருந்தால் பயனில்லை.

6. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாதே. உடனே 1930 என்ற எண்ணை அழைத்துச் சொல், வங்கிக்கும் தெரிவி. முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

ஆறாவது விதியை அந்த அன்னையாரே சேர்க்கச் சொன்னார். "நாலு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்ததுதான் பெரிய தப்பு. அதைப் பெரிசா எழுதுங்க" என்றார். ஆகவே அதைச் சிவப்பு மையினால் எழுதுகிறோம்.

முடிவாக

அரை நூற்றாண்டுக்கும் மேலாக, பல நாடுகளைச் சேர்ந்த பொறியாளர்கள் ஒன்றுகூடி, தம் குறிப்புகளைப் பிறர் திருத்தும்படி பணிவோடு வெளியிட்டு, இந்தப் பாதையை நமக்காகக் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கட்டியது உறுதியான பாதை. ஆனால் அப்பாதையில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது.

தங்கைமாரே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் அம்மாவையோ பாட்டியையோ அருகில் அமர்த்திக்கொண்டு, அவர்கள் கைப்பேசியில் முகவரியை வலப்பக்கத்திலிருந்து படிக்கக் கற்றுக்கொடுங்கள். பத்து நிமிடம் போதும். அவர்கள் ஏதேனும் கேட்டு உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால், "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். நாங்கள் செய்ததைப் போல அழகான எழுத்தில் அரைகுறையாக எழுதி வைத்துவிடாதீர்கள். இக்கட்டுரையிலும் பிழை இருப்பதாகக் கண்டால் கணிப்பொறி மன்றத்துக்கு வந்து சொல்லுங்கள், நன்றியோடு திருத்திக்கொள்வோம்.

கணிப்பொறி மன்ற மாணவியர்,
பதினோராம் வகுப்பு